அணையாத மானிட்டர்

சில கிழமைகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை. அக்குறணையில் ஒரு கம்ப்யூட்டர் கடை. கண்ணாடி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மானிட்டர்கள். இரண்டிலும் ஒரே படம் — அரக்குச் சிவப்புச் சேலை கட்டிய ஒரு மணப்பெண். அவற்றுக்கு முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தபடி என் வீட்டுக்காரர்.

பல வருடங்களுக்கு முன் என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இந்த மனிதர் இவ்வளவு உற்றுப் பார்க்கவில்லை!

இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு மனோகரனைத் தெரியும். ஒரு ரைஸ் குக்கர் வாங்குவதற்கு முன் கண்டியில் இருக்கிற கடைகளையெல்லாம் அலசிப் பார்த்தவர். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: இவருக்குத் தொழில் கல்யாண அல்பம் வடிவமைப்பது. டவுனில் இருக்கிற ஸ்டூடியோக்காரர்கள் படங்களை அனுப்புவார்கள். அம்பிட்டியவில் எங்கள் வீட்டின் ஓர் அறையில் உட்கார்ந்து, இவர் அவற்றைத் திருத்தி, நிறம் சரிசெய்து, பக்கம் பக்கமாக அடுக்கி அச்சுக்கு அனுப்புவார். கறுப்பான மாப்பிள்ளையை வெள்ளையாக்கச் சொல்லும் மாமியார்களிடம், “ஐயோ, அது மெஷின்ல வராதுங்க” என்று பொய் சொல்லித் தப்பித்துவிடுவார். அந்த அளவுக்கு நிறத்தின் மேல் மரியாதை உள்ளவர்.

அவ்வளவு மரியாதை உள்ளவருடைய அல்பம் ஒன்று இந்த வருடம் திரும்பி வந்தது. அங்கேதான் எல்லாம் தொடங்கியது.

ஸ்டூடியோக்காரர் நேரிலேயே வந்தார். சத்தம் போடவில்லை. அல்பத்தை மேசையில் வைத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் காட்டினார். மணப்பெண்ணின் சேலை பலமுறை துவைத்த துணிபோல வெளிறிக் கிடந்தது. முகங்களெல்லாம் பவுடர் டின்னைக் கவிழ்த்ததுபோல. பெண்ணின் அம்மா அழுதுவிட்டாராம். அதை மட்டும் சொல்லிவிட்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

ஏசியிருந்தால்கூட மனது ஆறியிருக்கும்...

இவர் அல்பத்தைத் தூக்கிக்கொண்டு போய் கம்ப்யூட்டரில் அதே பக்கத்தைத் திறந்து வைத்துப் பார்த்தார். திரையில் சேலை வெளிறவில்லை. அல்லது, இவருக்கு வெளிறியதாகத் தெரியவில்லை.

“பிரச்சின ஸ்கிரீன்லதான், கலா,” என்றார். “கறுப்பு கறுப்பாவே தெரியல. எல்லாத்து மேலயும் சாம்பல் பூசின மாதிரி இருக்கு. அதான் நான் வெளிச்சத்தக் கூட்டிக் கூட்டி வச்சிருக்கேன்.”

நம்பாமல் இருக்க என்ன காரணம்? மானிட்டர் பழையது. எங்கள் மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கியது. அவள் இப்போது கொழும்பில் வேலை செய்கிறாள். புதுசு வாங்குங்கள் என்று நானே முதலில் சொன்னேன்.

பிறகு ஆரம்பித்தது ஒப்பீடு.

இது என்ன விளையாட்டா? ரைஸ் குக்கருக்கே அந்தப் பாடு. சோறு போடும் தொழிலுக்கான மானிட்டர் என்றால்...? தினமும் யூடியூப். தாடி வைத்த வெள்ளைக்காரப் பையன்கள் இரண்டு மானிட்டரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசுவார்கள். இவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்பார். ஒரு வகைத் திரையில் நிறம் பொய் சொல்லாதாம், ஆனால் கறுப்பு அவ்வளவு ஆழமாக இருக்காதாம். இன்னொரு வகையில் கறுப்பு அருமையாம், ஆனால் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பார்த்தால் மாப்பிள்ளையின் முகம் மாறிவிடுமாம். மூன்றாவது வகையில் எல்லாமே அருமை. விலையைக் கேட்டதும் நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டோம்.

வளைந்த திரையா, தட்டையா? எத்தனை அங்குலம்? கதிரைக்கும் திரைக்கும் எவ்வளவு தூரம்? வெளிச்சத்தை ‘நிட்ஸ்’ என்ற ஒன்றால் அளப்பார்கள் என்பதெல்லாம் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்ட விஷயங்கள். எந்தப் பெண்ணுக்கும் இந்தக் கல்வி தேவையில்லை.

நடுவில் என் சித்தப்பா மகனிடமிருந்து ஒரு மானிட்டரை இரவல் வாங்கி வந்து வைத்துப் பார்த்தார். நல்ல மானிட்டர். கொஞ்ச நாள் அதில் வேலை செய்துவிட்டு, “இதுவும் அதே மாதிரிதான். மங்கல்,” என்றார். திருப்பிக் கொடுத்துவிட்டோம். டவுனில் ஒரு கடையில் பெரிய திரை ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். அதில் மவுஸின் அம்பு அடிக்கடி தொலைந்துபோகிறது என்றார். பெரிய திரை சரிப்படாது என்று முடிவெடுத்தார்.

எத்தனை திரை மாற்றினாலும் அதே மங்கல் என்றால், கோளாறு எங்கே இருக்க வேண்டும்?

இன்று இதை எழுதும்போது எவ்வளவு சுலபமான கேள்வியாகத் தெரிகிறது! அன்று எங்கள் இருவருக்கும் அது தோன்றவே இல்லை. காரணம், கண்ணைப் பற்றி எங்களுக்குச் சந்தேகமே இல்லை. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் கண்ணாடிக் கடையில் புது மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். சுவரில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று வாசித்தார். பக்கத்தில் நின்று நான்தான் பெருமைப்பட்டேன்.

ஆனால், மற்ற விஷயங்கள்...?

அம்பிட்டியவில் வீடு இருக்கிறவர்களுக்குத் தெரியும், ரோட்டுக்கு இறங்குவதென்றால் படி இறங்க வேண்டும். பல வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு இறங்கிய படியில் இவர் தடுமாற ஆரம்பித்தார். ஒருமுறை கீழே உட்கார்ந்தேவிட்டார். மேசையில் வைத்த தேத்தண்ணிக் கோப்பையைக் கை தட்டிவிடும். அறையில் இருந்த பல்பைக் கழற்றிவிட்டு வெளிச்சம் கூடியதாக ஒன்று மாட்டினார். பொழுது சாய்ந்தால் பைக்கை எடுக்க மாட்டார். காலையில் போகலாமே என்பார்.

நான் என்ன நினைத்தேன்? “நெனப்பெல்லாம் மானிட்டர்லதான்” என்று கேலி செய்தேன். வந்த விருந்தாளிகளிடமும் சொல்லிச் சிரித்தேன். இவரும் சேர்ந்து சிரித்தார்.



சரி, அக்குறணைக் கடைக்கு வருவோம். அரை வருட ஒப்பீட்டுக்குப் பிறகு போட்டி இரண்டு மானிட்டர்களுக்கு இடையில் வந்து நின்றிருந்தது. இரண்டுமே அந்தக் கடையில் இருப்பதாகத் தெரிந்ததும் கண்டியிலிருந்து பஸ் ஏறிப் போனோம். கடைக்காரர் நியாஸ் நானா பொறுமைசாலி. இவர் பென் டிரைவில் கொண்டுபோன மணப்பெண் படத்தையே இரண்டு திரையிலும் போட்டுக் கொடுத்தார். வெளிச்சத்தை ஒரே அளவுக்கு வைத்தார். கடையின் விளக்கு திரையில் விழுகிறது என்றதும் அதையும் அணைத்தார். அப்படிப்பட்ட ஒரு வாடிக்கையாளரை அவர் அதற்கு முன்னால் பார்த்திருக்க மாட்டார்.

பிறகு, வலது பக்கத்து மானிட்டரின் தாங்கியை உயர்த்தி இறக்க முடியுமா என்று இவர் கேட்டார். அதற்கான பாகம் பெட்டிக்குள் இருந்தது. நியாஸ் நானா பெட்டியைப் பிரித்து உள்ளே அடைப்பாக வைத்திருந்த வெள்ளை ரெஜிபோம் தக்கையை இழுத்தார். மின்விசிறிக் காற்றில் வெள்ளைத் துகள்கள் பறந்தன. ஒன்று இவருடைய வலது கண்ணில் விழுந்துவிட்டது.

கைக்குட்டையை எடுத்து வலது கண்ணைப் பொத்திக்கொண்டார். ஆனாலும் பார்வையை எடுக்கவில்லை. இடது பக்கத்து மானிட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில், மிகச் சாதாரணமாக, “நானா, ஏன் மத்தத நிப்பாட்டிட்டீங்க? ரெண்டையும் ஒன்னாப் பார்த்தாத்தானே வித்தியாசம் தெரியும்,” என்றார்.

நியாஸ் நானா பெட்டியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். “நிப்பாட்டல்லயே. ரெண்டும் வேல செஞ்சிட்டுத்தானே ஈக்கி,” என்றார்.

நானும் பார்த்தேன். வலது பக்கத்து மானிட்டரில் மணப்பெண் பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

இவர் கைக்குட்டையை எடுத்தார். வலது பக்கம் பார்த்தார். “ஆ... கண்ணீரு மறச்சிருச்சி போல,” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறைத்திருந்தது வலது கண்ணை. பார்த்துக்கொண்டிருந்தது இடது கண். அந்தக் கண்ணில் தூசும் இல்லை, கண்ணீரும் இல்லை.

அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கடையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். அதையெல்லாம் நான் பார்க்கவில்லை. என் உள்ளங்கையால் அவருடைய வலது கண்ணைப் பொத்தினேன். நேராகப் பார்க்கச் சொன்னேன். மற்றக் கையை அவருடைய மூக்குக்கு வலது பக்கமாகத் தூக்கிப் பிடித்து, என் கை எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

என் உள்ளங்கைக்குள் அவருடைய இமை துடித்தது மட்டும் தெரிந்தது.

“எதுக்கு இப்ப கடையில வச்சி...” என்று என் கையை மெதுவாக விலக்கினார்.

அதற்குப் பிறகும் அவர் மானிட்டர்களைப் பார்த்தார் தெரியுமா? உத்தரவாதம் எத்தனை வருடம், பழுதானால் மாற்றித் தருவார்களா என்றெல்லாம் கேட்டார். நியாஸ் நானா என்னைப் பார்த்தபடியே பதில் சொன்னார். கடைசியில் அவரே, மானிட்டர் எங்கும் போகாது, யோசித்துவிட்டு வாருங்கள் என்று எங்களை அனுப்பிவைத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் இவருக்கு ஜன்னலோரத்து இருக்கை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டும்போது தற்செயலாகத் திரும்பினேன். இவர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு முன்னால் பார்த்தார். பிறகு அதை எடுத்துவிட்டு மற்றக் கண்ணைப் பொத்தினார். மறுபடியும் முதல் கண். டிரைவரின் தலைக்கு மேல் தொங்கிய மாலையை அவர் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. எந்தக் கண்ணுக்கு அந்த மாலை இருந்தது, எந்தக் கண்ணுக்கு இல்லை... நான் கேட்கவில்லை. மறுபடியும் அவர் பக்கம் திரும்பாமல் இருக்கப் பாடுபட்டேன்.

அவர் ஒப்பிட்டுப் பார்த்ததிலேயே மிகக் குறைந்த நேரம் எடுத்த ஒப்பீடு அது.

திங்கட்கிழமையே கண் வைத்தியரிடம் போனோம். வடக்கிலிருந்து வந்து கண்டியில் வேலை செய்கிற ஓர் அம்மா. கண்ணின் அழுத்தத்தை அளந்தார். பிறகு இருட்டு அறையில் ஓர் இயந்திரத்தின் முன்னால் இவரை உட்காரவைத்து, ஒரு கண்ணை மறைத்து, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். உள்ளே சின்னச் சின்னதாக வெளிச்சப் புள்ளிகள் வரும். கண்ணில் பட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் பரிசோதனை.

நான் பின்னால் நின்றேன். புள்ளிகள் எனக்குத் தெரியவில்லை. ஆனால் இயந்திரம் ஒவ்வொரு புள்ளிக்கும் இலேசாக முனகியது. முனகும்... பொத்தான் சத்தம் வரும். முனகும்... வராது. முனகும்... வராது. வராது. வராது.

அழுத்துங்களேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவேனோ என்று பயந்து வெளியே வந்து நின்றேன்.

இயந்திரம் ஒரு தாளை அச்சடித்துக் கொடுத்தது. இரண்டு வட்டங்கள். வலது கண்ணின் வட்டத்தில் அங்கங்கே சாம்பல் நிறம். இடது கண்ணின் வட்டத்தில் பாதிக்கு மேல் கரிக் கறுப்பு. நடுவில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் மிஞ்சியிருந்தது. அந்த நடுப் பகுதியால்தான் கண்ணாடிக் கடையில் கடைசி வரி வரைக்கும் வாசித்திருக்கிறார்!

இவர் அந்தத் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். தொழில்காரர் பார்க்கிற பார்வை.

“இந்தக் கறுப்புதான் சரியான கறுப்பு,” என்றார்.

வைத்தியருக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பின்னால் இருக்கிற நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுகிற நோயாம். வலிக்காதாம். சிவக்காதாம். ஓரத்திலிருந்து பார்வை போகுமாம். ஒரு கண் விட்டதை மற்றக் கண் நிரப்பிக்கொண்டே இருப்பதால் ஆளுக்குத் தெரியவே தெரியாதாம். மங்கலாக, வெளிச்சம் போதாததுபோல இருக்கும், அவ்வளவுதான். வைத்தியர் சொல்லச் சொல்ல எனக்கு அந்த அல்பம், அந்தப் பல்பு, அந்தப் படி எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

குணமாகுமா என்று நான்தான் கேட்டேன்.

“போன பார்வையைத் திருப்பி எடுக்கேலாது,” என்றார் வைத்தியர். “இருக்கிறதை வச்சிருக்கலாம். அதுக்கு மருந்தை ஒரு நாளும் விடக்கூடாது. ஓமோ?”

ஓம் என்று தலையாட்டினோம்.

குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று அடுத்துக் கேட்டார். இவர் இல்லை என்றுதான் முதலில் சொன்னார். பிறகு, “அப்பா கடைசி காலத்துல அடிக்கடி விழுந்தாரு. கோப்பையெல்லாம் தட்டிவிடுவாரு. வயசாயிருச்சின்னு நெனச்சோம்,” என்றார். ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து அங்கேயே கண்ணை மூடியவர் என் மாமனார். அவரை யாரும் எந்த இயந்திரத்தின் முன்னாலும் உட்காரவைக்கவில்லை.

வைத்தியர் அறையைவிட்டு வெளியே வந்ததும் இவர் தனக்காக வருத்தப்படவில்லை. முதல் வேலையாக ஃபோனை எடுத்துத் தங்கச்சியைக் கூப்பிட்டார். வசந்தி இன்னும் ஹுன்னஸ்கிரியவில்தான் இருக்கிறாள். அங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். எனக்கு ஒன்றுமில்லை அண்ணே, போன வருடம்தான் கண்ணாடி மாற்றினேன், இப்போது பரீட்சை நேரம், லீவில் வருகிறேன் என்றாளாம்.

இவர் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசாதவர். அன்றைக்கும் உயர்த்தவில்லை.

“நானும் அப்புறம் பார்ப்போம் அப்புறம் பார்ப்போம்னுதாம்மா இருந்தேன். நாளைக்கே பஸ் ஏறு,” என்றார்.

அவள் வந்தாள். அழுத்தம் அவளுக்கும் கூடுதலாகத்தான் இருந்தது. ஆனால் இயந்திரம் கொடுத்த தாளில் இரண்டு வட்டமும் வெள்ளையாக இருந்தன — ஒரு கறுப்பும் இல்லை. நேரத்தோடு வந்துவிட்டீர்கள், மருந்து போட்டால் போதும் என்று வைத்தியர் சொன்னதும் அவள் அங்கேயே அழுதுவிட்டாள். இவர் அந்தத் தாளை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் மணப்பெண்ணின் படத்தைப் பார்த்ததைவிட அதிக நேரம். அன்றைக்கு முழுக்க இவர் முகத்தில் ஒரு சந்தோஷம். பொய்யில்லாத சந்தோஷம்.

இவருடைய தொழில்? விடவில்லை. பக்கம் அடுக்குகிற வேலை இவருடையது. நிறத்தை மட்டும் கடைசியில் நான் பார்த்துச் சொல்கிறேன். சேலை வெளிறியிருக்கிறதா, முகம் வெளிறியிருக்கிறதா... முதலில் அது இவருக்கு அவமானமாக இருந்தது. என்னைக் கூப்பிடாமல் ஒரு அல்பத்தை அனுப்பிப் பார்த்தார். அனுப்பிவிட்டு, அச்சுக்குப் போவதற்குள் அவரே ஃபோன் பண்ணித் திருப்பி எடுத்தார். அதற்குப் பிறகு கூப்பிடுகிறார். மவுஸின் அம்பைப் பெரிதாக்கிக் கொண்டார். பைக்கை விற்றுவிட்டோம், அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

பின்னேரங்களில் சொட்டு மருந்து. அவர் கதிரையில் தலையைச் சாய்த்துக்கொள்வார். நான் விடுவேன். போன கிழமை அப்படி விட்டுக்கொண்டிருக்கும்போது, கண்ணை மூடியபடியே, “அந்த அல்பம் திரும்பி வந்தப்பவே போயிருந்தா...” என்று ஆரம்பித்தார். மருந்து கன்னத்தில் வழிந்தது. நான் துடைத்துவிட்டேன்.

இதே கேள்வியை வைத்தியரிடம் நான் தனியாகக் கேட்டிருக்கிறேன். அரை வருடம் முன்னால் வந்திருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும்? அவர் நல்லவர். அதை இப்போது யாராலும் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டு அடுத்த மருந்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

எத்தனையோ திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அன்றே போயிருந்தால் மிஞ்சியிருக்கக்கூடிய பார்வை, இன்று மிஞ்சியிருக்கிற பார்வை — அந்த இரண்டை மட்டும் அப்படி வைத்துப் பார்க்க வழியே இல்லை.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது மானிட்டர் மங்கல், டிவி மங்கல், ஃபோன் மங்கல், வீட்டு பல்பு சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்களா? உங்கள் அப்பாவோ அம்மாவோ கடைசி காலத்தில் படியில் தடுமாறினார்களா? கண்ணாடிக் கடை எழுத்தை வாசித்துவிட்டேன் என்று என்னிடம் சொல்லாதீர்கள். கண் வைத்தியரிடம் போய் அழுத்தத்தை ஒருமுறை அளந்துவிடுங்கள்.

புதுத் திரையை அதற்குப் பிறகு நிதானமாக, எவ்வளவு காலம் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு தேர்ந்தெடுங்கள் — தப்பான மானிட்டரை வாங்கிவிட்டால், அதை மாற்றிக்கொள்ளலாம்.